துண்டைப் பிடித்துப் பார்த்து வாங்கிய ப்ளோயர்

பிள்ளைகளா, அம்மா ஏன் இப்போது மில்லுக்குப் போவதில்லை என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருவிடைமருதூர்ப் பக்கத்து அரிசி மில்லில் நான் ஃபிட்டர். அம்மாவுக்கு நெல் கொட்டும் குழியில் வேலை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் எழும் தூசியில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். அந்தத் தூசியை உறிஞ்சிப் பைகளில் வடிகட்ட முதலாளி ஓர் ஏற்பாடு செய்தார். குழாயும் பைகளும் வந்துவிட்டன. காற்றை இழுக்கும் ப்ளோயரை மட்டும் தஞ்சாவூர் போய்ப் பார்த்து எடுத்துவர என்னை அனுப்பினார்.

கடையில் இரண்டை ஓட்டிக் காட்டினார்கள். ஒன்றுக்கு அகலமான வாய். மற்றதற்கு ஒடுங்கிய வாய், காதைக் கிழிக்கும் சத்தம். பம்பு செட்டு வாங்குகிறவர்கள் தண்ணீர் எப்படிக் கொட்டுகிறது என்றுதானே பார்ப்பார்கள், எனக்கும் அந்தப் புத்தி. தோளில் கிடந்த துண்டைக் காற்று வெளியே வரும் வாய்க்கு நேரே நீட்டினேன். அகல வாய் அதைப் பறித்து ரோட்டில் போட்டது.

"குழாய் எவ்வளவு நீளம், எத்தனை வளைவுங்க?" என்றார் கடைக்காரர்.

"அளக்கலீங்க. இதான் நல்லா அடிக்குதே."

"இங்க சும்மா அடிக்குதுங்க. அங்க பையில தூசி அப்பிக்கிட்டா இதால இழுக்க முடியாது. அந்தச் சின்ன வாய் கத்தும், ஆனா இழுத்துரும்."

"கத்துறதுக்கு வீட்லயே ஆள் இருக்குங்க" என்று சிரித்துக்கொண்டே அகல வாயை ஏற்றிவந்தேன்.

மாட்டிய அன்று குழியின் அடிவரை தெரிந்தது. "துணிய அவுத்துடு. நான் பாத்து எடுத்தது" என்றேன். அம்மா அவிழ்த்துவிட்டாள்.

சம்பா அறுப்பில் லாரி லாரியாக நெல் வந்தது. நாளுக்கு நாள் ப்ளோயரின் சத்தம் தணிந்தது. மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டும் ஆம்பியர் முள்ளும் இறங்கியது. மோட்டார் சுகமாக ஓடுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். பைகள் அடைத்துக் காற்றே போகாததால்தான் அதற்குப் பாரம் குறைந்தது என்று தெரியவில்லை. தூசியும் ஒரேயடியாக வரவில்லை. கண்ணுக்குப் பழகும்படி, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சுவிட்சு போர்டில், சாமி படத்தில், பிறகு அம்மாவின் இமையில்.

"ஏங்க, இது இழுக்குதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஓடுதுல்ல. சத்தம் கேக்கல?"

அவள் அடுத்த மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டாள். அறுப்பு முடிகிற சமயம், ஒரு மத்தியானம், இருமி இருமிக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் உறிஞ்சும் குழாயின் வாயில் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். அது அசையாமல் தொங்கியது.

பிறகு எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு போய்ச் சின்ன வாயை வாங்கி மாட்டினேன். அது தெருமுனைவரை கத்துகிறது. தூசி தங்குவதில்லை. குழியில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். துணியை அவிழ்க்காதே என்று தினமும் அவளிடம் சொல்கிறேன்.

அம்மாவின் இருமல் மட்டும் நிற்கவில்லை. இப்போது அவளால் உங்களைக் கூப்பிடக்கூடக் குரல் எழுப்ப முடிவதில்லை. நெஞ்சைப் படம் எடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை வரச் சொன்ன டாக்டர், தனியாக வர வேண்டாம், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாங்க என்றாராம்.