தளபதியின் பிடரியைத் தாங்கியவன்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் ஒரு அருங்காட்சியகத்தின் இருட்டறையில் படம் அச்சிடும் வேலை கிடைத்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு பிழை விட்டால் அனுப்பிவிடுவார்கள். நானும் மூச்சுக்கூட அனுமதி கேட்டுத்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய போர்ப் படங்களின் கண்காட்சி ஒன்று வரவிருந்தது. வாசலில் வைக்க ஒரு தளபதியின் படத்தை ஆளுயரத்துக்குப் பெருப்பிக்கச் சொல்லி, கமரா வந்த புதிதில் எடுத்த கண்ணாடி நெகட்டிவை மேலதிகாரி என் கையில் தந்தார். புத்தகங்களில் எல்லாரும் பார்த்த படம்தான்: பாறையில் ஒரு கால், கையில் வாள், சுற்றிவர வெறும் வெள்ளை வானம். உலகத்தில் தன்னைத் தவிர ஒருவரும் இல்லை என்பதுபோல ஒரு நிற்பு.

கண்ணாடியின் வழவழப்பான பக்கத்தில் அவரைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படக் கண்ணாடிகளில் அப்பிய குங்குமத்தை ஈரத்துணியால் துடைப்பது வீட்டில் எனக்குள்ள ஒரே உத்தியோகம். கை தன்பாட்டில் துணியை நனைத்தது, துடைத்தது. கண்ணாடி பளிச்சென்று ஆன பிறகுதான் மூளை வேலைக்கு வந்தது. அந்தக் காலத்தில் வேண்டாததை மறைக்க நெகட்டிவில் சிவப்பு மை பூசுவார்கள்; மை பட்ட இடம் படத்தில் வெள்ளையாக விழும். அந்த வெள்ளை வானத்தைத்தான் நான் வாளியில் பிழிந்துவிட்டேன்.

மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சேரும், சூட்கேசை இறக்கும். ஊருக்குப் போறம்.”

“என்னத்தையப்பா உடைச்சனீங்கள்?”

“உடைக்கேல்லை. துடைச்சுப்போட்டன்.”

“வீட்டில நாலு தரம் கத்தினால்தான் துணியைத் தொடுவியள். அங்க ஆர் கேட்டது? விசரன் மாதிரி ஒளிச்சு நிக்காமல் போய்ச் சொல்லுங்கோ.”

உண்மையில் மேசைக்குக் கீழிருந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அச்சிடு” என்று என் பின்னாலேயே இருட்டறைக்குள் வந்தார்.

சிவப்பு விளக்கின் கீழ், மருந்துத் தட்டில் கிடந்த தாள் மெல்லக் கறுத்தது. முதலில் பாறை தெரிந்தது. பிறகு தளபதி. பிறகு, இவ்வளவு காலமும் வெள்ளையாக இருந்த இடத்தில், ஒரு மனிதன்.

சேற்றில் முழங்காலிட்டு ஒரு இரும்புத் தண்டை இரு கைகளாலும் பிடித்திருந்தான். அதன் மேல்நுனிக் கவை தளபதியின் பிடரியைத் தாங்கியது. அந்தக் கமராவுக்கு முன்னால் நெடுநேரம் அசையக்கூடாது. தளபதியின் வாள் பிடித்த கை அசைந்து கலங்கியிருந்தது. இவன் இமைகூட அசைக்கவில்லை. நகத்தில் சேறு, வெடித்த உதடு, நேரே எங்களைப் பார்க்கும் கண்கள். அவன் மூச்சை அடக்கியிருந்தான். நானும் அடக்கியிருந்தேன், ஆனால் பயத்தால் அல்ல.

“இத்தனை காலமும் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான்” என்றார் மேலதிகாரி, கோவிலுக்குள் பேசுகிற குரலில். “வாசலில் இதைத்தான் வைக்கப்போகிறோம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இனி உன் கையில் ஈரத்துணியைக் கண்டால் அன்றே வீட்டுக்குப் போகலாம்.”

பின்னேரம், டண்டினொங் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டுக் கதவைத் திறந்த மனைவியின் கையில் துணி இருந்தது.

“வேலை இருக்கோ?”

“இருக்கு. துணிதான் தொடக்கூடாதாம்.”

“அது அங்கத்தைச் சட்டம். இந்தாங்கோ.”

முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். தேவர்படைத் தளபதி, கையில் வேல், துளியும் அசையாத நிற்பு. குங்குமத்தை மிக மிக மெதுவாகத் துடைத்தேன், பின்னால் யாராவது முழங்காலில் நிற்கிறார்களோ என்று.