எறும்பு தீண்டாத கோலம்

வெள்ளைக்காரன் போன மறு வருடம், குருசுக்குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய தோல் கிடங்கை வாங்கினேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், தேங்காய் நார் விற்றே கிணற்றோடு மனை வாங்கினேன் என்றால் சும்மாவா? கப்பலேறும் தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க, அங்கே பாஷாணம் கரைத்த தொட்டிகளில் முக்கி எடுப்பார்களாம். தொட்டிகளை உடைத்து அப்புறப்படுத்தி, அங்கேயே குடியேறினேன். மண் செக்கச்செவேலென்று சுத்தமாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு விசித்திரம். முற்றத்தில் என் மனைவி அரிசி மாவில் போடும் கோலம், மறுநாள் காலையிலும் இழை குலையாமல் கிடக்கும். ஓர் எறும்பு கிடையாது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வேன்.

முன்பு அங்கே தோல் ஏற்றிய வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"மொதலாளி, இந்த மண்ணுல தண்ணிய தேங்க வுடாதீங்க."

"ஏன், பேய் முழிச்சிக்குமா?"

"பேயா இருந்தா ஓட்டிடலாமே."

நாலு வருடம் கிணற்று நீரைக் குடித்தோம். ஒன்றுமில்லை. பிறகு, நாருக்குத் தேங்காய் மட்டையை ஊறப்போட ஆற்றுக்குத் தூக்கிப் போவானேன் என்று, கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நானே குழி வெட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். குழி நீர் கறுத்து அழுகியது. கிணற்று நீரோ கண்ணாடி மாதிரி. வாடையில்லை, ருசியும் மாறவில்லை. நான் பகலெல்லாம் கடைத்தெருவில். வீட்டிலிருந்த மனைவிக்கு மூன்று வேளையும் அந்தத் தண்ணீர்தான்.

இரண்டு மழைக்காலம் போனது. அவள் உள்ளங்கையில் ஆணி ஆணியாக எழும்பியது. முதுகில் மழைத்துளி தெறித்தாற்போல் கரும்புள்ளிகள்.

"என்னாங்க, வெரல் மரத்துப் போவுது. கோலம் இழுக்க வரல."

ஆஸ்பத்திரி டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். எந்தத் தண்ணீர் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன்.

"மண்ணுல இருந்த இரும்புத் துருதான் பாஷாணத்த புடிச்சி வெச்சிருந்தது. அழுவுன தண்ணிய தேக்கி, மண்ணுக்குக் காத்து போவாம செஞ்சிட்டீங்க. துரு கரைஞ்சி, புடிச்சத வுட்டுடுச்சி. அது கெணத்துல எறங்கிடுச்சி."

திரும்பும் வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எறும்புக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலியே."

குழியைத் தூர்த்தேன். கிணற்றைக் கல் போட்டு மூடினேன். தெருக்குழாயிலிருந்து தினமும் நானே குடம் சுமந்தேன். அவள் கை மெல்லத் தேறியது, புள்ளிகள் போகவில்லை.

இப்போது கோலம் வெளியே, தெருவில். முதல் எறும்பு வந்து மாவைத் தொடும்வரை அவள் காப்பியை வாயில் வைப்பதில்லை. சில காலைகளில் அது வரத் தாமதமாகும். அப்போது நானும் தம்ளரைக் கீழே வைத்துவிடுவேன்.