பெரியம்மாவின் இருமல்

அம்மா உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் தூக்கம், பூசையில் பிரசங்கம் தொடங்கினால் தூக்கம், எனக்குத் தலை பின்னும்போது பாதிப் பின்னலில் தூக்கம். விருத்தாசலத்தில் பொம்மை கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள் எல்லாருமே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். காலையில் போனால் பொழுது சாயும்வரை நின்றபடியே வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைக் களிமண் பொம்மையின் ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினால் ஓவர்டைம் வேறு. நாளெல்லாம் தும்பிக்கை தும்பிக்கையாகத் துடைத்துவிட்டு வந்துதான் அம்மா இயேசுவின் சீடராவதற்குப் படித்தாள்.

அந்தப் பயிற்சியை எங்கள் அன்பியத்தில், அதாவது தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் ஜெபக் குழுவில், நடத்தியவள் பெரியம்மா. அம்மாவின் அக்கா, பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அந்த அதட்டலுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. வாரம் முழுக்க அவரவர் வீட்டில் பாடத்தைப் படித்து, கேள்விகளுக்குப் பதில் யோசித்து வைக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் கூடி அதைப் பேசுவார்கள். பிறகு மௌன ஜெபம், முடிவு ஜெபம், சுண்டல். பயிற்சியை முடித்தவர்களை ஞாயிறு பூசையில் பேர் சொல்லிப் பீடத்துக்கு அழைத்து, கழுத்தில் சிலுவை போடுவார்கள்.

"வூட்டுல படிக்காம வரவங்க, இங்க வந்து தூங்கி வழியறவங்க பேரெல்லாம் பங்குச் சாமியார்கிட்ட குடுக்க மாட்டேன். தங்கச்சின்னும் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் பெரியம்மா முதல் நாளே.

அம்மாவுக்கு அந்தச் சிலுவை வேண்டும். "ஸ்கூல்லகூட என்னிய மேடைக்குக் கூப்பிட்டதில்லடி. ஒரு தடவயாவது எம்பேர மைக்குல கேக்கணும்" என்று என்னிடம் வாய்விட்டே சொன்னாள்.

வீட்டுப் பாடத்துக்கு நான் பொறுப்பு. அம்மா அடுப்படியில் நிற்க, நான் வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். பிறர் பாரத்தை நீங்கள் எப்படிச் சுமப்பீர்கள் என்று ஒரு கேள்வி. அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே, "மொதல்ல என்னோடத எறக்கி வெக்க ஒரு எடம் காட்டச் சொல்லு" என்றாள். அதை நான் பதிலாக ஏற்றுக்கொள்ளவில்லை.

பாடம் எப்படியோ ஓடியது. மௌன ஜெபம்தான் கண்டம். எல்லாரும் கண்ணை மூடிய மறு நொடி அம்மாவின் தலை சரியும். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து தொடையில் கிள்ளி எழுப்புவேன். ஒரு வியாழக்கிழமை பெரியம்மா பார்த்துவிட்டாள்.

"ஏய், அங்க என்னா நோண்டிக்கிட்டு இருக்க? எழுந்து வா, எம்பக்கத்துல உக்காரு."

போச்சுடா என்றிருந்தது. இனி அம்மாவைக் காப்பாற்ற ஆளில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவின் தாடை நெஞ்சில் கிடந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. திரும்பினால் பெரியம்மாவும் கண்ணைத் திறந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். அப்புறம்தான் அம்மாவின் தலைக்கு மேலே இயேசுவின் திருஇருதயப் படம் மாட்டியிருப்பது தெரிந்தது. படத்தைத்தான் பார்க்கிறாள் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் சீரியல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. டெய்லர் பெண்சாதி நெளிந்தாள். "அக்கா, முடிச்சிடலாங்களா?" என்று கிசுகிசுத்தாள். பெரியம்மா கையை உயர்த்தி, பேசாமல் இரு என்று அடக்கினாள். சுண்டல் ஆறியது. எனக்குப் பசியில் அழுகையே வந்தது. இவ்வளவு நேரம் ஆண்டவரிடம் பேச இவளுக்கு அப்படி என்னதான் இருக்கிறதோ!

கடைசியில் பெரியம்மா இருமினாள். தகர டப்பா உருண்டது போல ஓர் இருமல். அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்து நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகே முடிவு ஜெபம் ஆரம்பமானது.

அன்றிலிருந்து வாராவாரம் அப்படித்தான். மௌனம் நீண்டுகொண்டே போனது. பெண்கள் சீரியலைக் கோட்டைவிட்டு முணுமுணுத்தார்கள். சரியான நேரத்தில் இருமல் வந்து எங்களைக் காப்பாற்றியது. வீடு திரும்பும்போது அம்மாவின் நடையே வேறு மாதிரி இருக்கும். "வியாழக்கெழம மட்டும் தலவலியே இருக்க மாட்டேங்குது. எல்லாம் ஜெபத்தோட மகிம" என்பாள். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் நானும் கண்ணை மூடிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

பயிற்சி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாதான் மைக்கில் பேர் வாசித்தாள். முதல் பேரே அம்மாவுடையது. நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் போகாத கைகளைக் கூப்பிக்கொண்டு அம்மா பீடத்துக்கு நடந்தாள். அவள் கழுத்தில் சிலுவை ஏறியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கச்சி என்றும் பார்க்க மாட்டேன் என்ற பெரியம்மாவையே ஏமாற்றிவிட்டோமே!

ஆனால் ஒன்று மனதை உறுத்தியது. பூசை தொடங்கியதிலிருந்து பெரியம்மா ஒரு தடவைகூட இருமவில்லை. அடுத்த பயிற்சிக்கும் அம்மா பேர் கொடுத்திருந்தாள். நற்கருணை வாங்கிய பிறகு எல்லாரும் முழந்தாளிட்டு அவரவர் வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் கண்ணை இறுக மூடி மன்றாடினேன்: "ஆண்டவரே, எங்கள் பெரியம்மாவின் இருமலை மட்டும் குணமாக்கிவிடாதேயும்."