பேசாத அத்தானின் வாக்கி டாக்கி

அத்தான் வாக்கி டாக்கி வாங்கியிருக்கிறார் என்று அக்கா வந்து சொன்ன அன்று, நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டம்ளர் தண்ணீர் பாதி புடவையில் கொட்டியது. சிரிக்காமல் என்ன செய்வது? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனுஷன் அவர். முப்பத்தோரு வருஷத்தில் என்னிடம் அவர் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் கார்டு நிரம்பாது. அப்படிப்பட்டவர் பேசுவதற்கென்றே ஒரு கருவி வாங்கினால்?

"ஒண்ணு இல்லடி, ரெண்டு வாங்கியிருக்கார்," என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

அத்தானுக்கு லாரி எடை மேடையில் வேலை. பெரிய சாலை ஓரமாக ஒரு கண்ணாடி அறை. அதற்குள் அவர், ஒரு மேசை விசிறி, எடையைக் காட்டும் சிவப்பு எண்கள். லாரி ஏறி நிற்கும், எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும், ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவார், டிரைவர் பிடுங்கிக்கொண்டு போவான். ஒரு நாளைக்கு அறுபது எழுபது முகம் பார்ப்பார், ஒரு வார்த்தை செலவாகாது. அந்த வேலை அவரை இப்படி ஆக்கியதா, இப்படி இருந்ததால் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டாரா என்பது கட்டிக்கொண்டவளுக்கே தெரியாது.

அக்கா அவருக்கு நேர் எதிர். தையல் மிஷினில் உட்கார்ந்தால் காலும் வாயும் சேர்ந்து ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தோம். முடிவு வாங்க நான்தான் கூடப் போனேன். ஒன்றுமில்லை, வெறும் கொழுப்பு என்றார்கள். அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும், கைப்பையைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல், "ஒண்ணுமில்லையாம்ங்க," என்றாள். அத்தான் நிமிர்ந்து பார்த்தார். "சரி," என்றார். பிறகு பேப்பரைப் புரட்டினார்.

அடுத்த மாதம் அக்கா இரண்டு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டையா என்று கேட்டேன். "சண்ட போட்டிருந்தா அங்கயே இருந்திருப்பேன்," என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்த வரனையெல்லாம் நொட்டை சொல்லித் தட்டிக்கழித்து, பிறகு தட்டிக்கழிக்க ஒன்றும் வராமல் போனவள் நான். பகலெல்லாம் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் கூப்பிட்டுவிட்டு, சாயங்காலம் பூட்டைத் திறந்து இருட்டுக்குள் நுழைகிறவள். அக்கா வந்த பிறகு நான் வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. அவளை அனுப்பிவைக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஆனால் அவள் அந்த வீட்டுச் சாவியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அத்தான் நடக்கக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே போவாள். பாத்திரங்களைத் திறந்து பார்ப்பாள், ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டையில் எத்தனை போயிருக்கிறது என்று எண்ணுவாள். எல்லாவற்றையும் எனக்குப் போனில் நேரடி ஒலிபரப்பு செய்துகொண்டே வருவாள். அவர் திரும்புவதற்குள் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் வந்துபோவது அவருக்குத் தெரியவே தெரியாது.

இனி சொல்லப்போவதையெல்லாம் அத்தான் வாயாலேயே பின்னால் கேட்டேன். நான்கு நாளில், தவணை முறையில் சொன்னார்.

ஒரு நாள் எடை மேடைப் பக்கம் ஒரு ஜீப் பஞ்சராகி நின்றதாம். அந்த ஆள் நிழலுக்காக அறைக்குள் வந்து உட்கார்ந்தார். மேசைமேல் அவர் வைத்த வாக்கி டாக்கி செட்டிலிருந்து யார் யாரோ பேசினார்கள். ஒருவர், அங்கே மழையா என்றார். இன்னொருவர், தூறல்தான், துணியை எடுத்துவிட்டேன் என்றார். முகம் தெரியாத ஒருத்தர் துணி எடுத்ததை முகம் தெரியாத இன்னொருத்தர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். பொழுதுபோக்குக்காக இப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், பரீட்சை எழுதினால் லைசென்ஸ் தருவார்கள் என்று அந்த ஆள் சொன்னார். அத்தான் ஐம்பத்தெட்டு வயதில் படித்துப் பரீட்சை எழுதினார். அவருக்கென்று எழுத்தும் எண்ணுமாக ஒரு அழைப்புக் குறி வந்தது. பேசத் தொடங்கும்போது அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பிறகு கையைக் கடிக்காத விலையில் ஒரு செட் தேடினார். ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தார். ஒன்றில் பக்கத்து அலைவரிசையின் இரைச்சலும் சேர்ந்து வருமாம். இன்னொன்றில் பேட்டரியைக் கழற்ற முடியாது. மூன்றாவதில் எண் பொத்தான்களே இல்லை, வெளியே போன இடத்தில் ஒரு அலைவரிசையை மாற்ற வேண்டுமென்றால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாலாவதைத் தேர்ந்தெடுத்தார். அது ஜோடியாக ஒரே பெட்டியில் வந்தது. ஒன்று மட்டும் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

செட்டில் சானல்களை எழுதுவது அடுத்த பாடு. கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. மலிவு கேபிளுக்குள் இருந்த சிப் போலி, புதிய மென்பொருள் அதைச் சேர்க்காது, பழையதைப் போட்டால் சேர்க்கும் என்று கண்டுபிடிக்க நான்கு மாலைகள் ஆயின. அப்புறம் திரையில் கட்டம் கட்டமாக விரிந்தது. கேட்கும் அலைவரிசை, பேசும் அலைவரிசை, குன்றின்மேல் இருக்கும் ரிப்பீட்டர் நம் குரலை வாங்கி எல்லோருக்கும் அனுப்புவதற்கு வேண்டிய தொனி எண். ஒரு புள்ளி தவறினாலும் நீங்கள் கத்துவது யாருக்கும் போகாது. பன்னிரண்டு சானல் எழுதி முடித்து, இரண்டு செட்டிலும் ஏற்றினார்.

தினமும் மாலை ஆறரைக்கு அந்த வட்டாரத்து ஆட்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். ஒவ்வொருவராகப் பேசி முடித்ததும், "வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டு ஐந்து விநாடி காத்திருப்பார். அத்தானின் கட்டைவிரல் பொத்தானின்மேல் இருக்கும். ஐந்து விநாடியும் போய்விடும். பல் டாக்டர் நன்றி சொல்லி முடித்துவிடுவார். ஐந்து மாதம் இப்படியே நடந்ததாம். கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு பாடுபட்டு வாங்கி, அமுக்க மட்டும் விரல் வராதா?

அதன் பிறகு, செட் எவ்வளவு தூரம் எடுக்கிறது என்று சோதிக்க ஆசைப்பட்டார். சோதிப்பதற்கு இன்னொரு முனையில் ஓர் ஆள் வேண்டும். "கேக்குது" என்று சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம். யோசித்துப் பார்த்ததில் அப்படிக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்கூட அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அதனால் வீட்டையே ஆளாக்கினார். அந்தச் செட்டில் ஒரு வசதி உண்டு. பொத்தானை யாரும் அமுக்க வேண்டாம், பக்கத்தில் சத்தம் கேட்டால் தானாகவே அனுப்பத் தொடங்கும், சத்தம் நின்றால் இரண்டு விநாடியில் ஓய்ந்துவிடும். ஒரு செட்டை அப்படி மாற்றி அலமாரியில் வைத்தார். பக்கத்தில் ஒரு பழைய போனை வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அரை நிமிஷம் அலாரம் அடிக்கச் செய்தார். இன்னொரு செட்டோடு ஞாயிற்றுக்கிழமை நடக்கக் கிளம்பினார். ஆளில்லாத வீட்டில் போன் அலறுவதைத் தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு போனார். நோட்டில் எழுதினார்: தண்ணீர்த் தொட்டி, தெளிவு. பள்ளிக்கூட மதில், கரகரப்பு. மரக்கடை, பரவாயில்லை. பாலத்தின் நடுவில் அடுத்த அலாரத்துக்கு நின்றார்.

அலாரம் அடித்தது. ஆனால் இரண்டு அடியிலேயே நின்றது.

பேட்டரி போயிருக்கும் என்று நினைத்தார். அப்போது செட்டில் ஓர் இருமல் கேட்டது. அந்த இருமலை அவர் இருபத்தொன்பது வருஷம் கூட இருந்து கேட்டவர். "...துக்கு இது இங்க கத்துது," என்றது அக்காவின் குரல். சத்தம் வந்த பிறகுதானே செட் விழிக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்து அறுந்து போனது.

அணைத்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தாராம். ஒட்டுக் கேட்பது தப்பு என்று அவருக்குத் தெரியாதா? கை போகவில்லை.

அவளுடைய போனின் மறுமுனையில் இருந்தவள் நான், ஆஸ்பத்திரியில் ஞாயிறு டூட்டியில். அன்று அக்கா, அவர் மாத்திரை இரண்டு நாளாகப் போடவில்லை என்றாள். பாத்திரத்தில் காலையில் வைத்தது அப்படியே இருக்கிறது என்றாள். அலமாரியில் அந்த வாக்கி டாக்கி டப்பா பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது என்றாள். வாராவாரம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு மாதமாகவே நான் ஓதிக்கொண்டிருந்தேன், ஒன்று அங்கேயே போய் இரு, இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டு வா என்று. அங்கே போக மாட்டாள் என்ற தைரியத்தில் சொன்னதுதான்.

"வச்சிடறேன்டி," என்றாள் அக்கா. "நீ சொல்றதுதான் சரி. டேபிள் மேல வச்சிட்டு வந்துடறேன், கதவ இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கும். இனிமே வர மாட்டேன். ரெண்டு வருஷமா திருடி மாதிரி வந்து போறேன், எனக்கே அசிங்கமா இருக்கு..."

பாலத்தில் அத்தான் பொத்தானை அமுக்கினார். ஐந்து மாதம் அசையாத விரல். அமுக்கிப் பேசிவிட்டு விட்டால், அக்கா இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறாள். மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதேதான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் பேசுகிறவரை அந்தச் செட் அனுப்பிக்கொண்டே இருக்கும், அனுப்புகிற செட்டுக்குக் காது கேட்காது. அவள் வாயை மூடினால்தான் இவர் குரல் உள்ளே போகும். அக்கா வாயை மூடுவதாவது. தன் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பேச்சில் ஒரு சந்து கிடைக்காதா என்று அந்த மனுஷன் தவித்தாராம்.

அந்த இடைவெளியைக் கொடுத்தது நான்.

அவள் மனம் மாறிவிடக் கூடாதே என்று நான் பிடித்துக்கொண்டேன். "வச்சிட்டு வா அக்கா. நீ இருந்தா என்ன, இல்லன்னா என்ன, அவருக்கு ஒண்ணுதான். நீ பொழச்சு வந்த அன்னிக்கே தெரியலையா? கல்லுக்கு மாத்திர எண்ணிட்டு இருக்க," என்று மூச்சுவிடாமல் பேசினேன். அக்கா பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அலமாரிச் செட் ஓய்ந்தது.

என் காதில் போன் வழியாகவே விழுந்தது. கரகரவென்று ஓர் ஆண் குரல், முதலில் எழுத்தும் எண்ணுமாக என்னவோ சொன்னது. வீடு தீப்பற்றினாலும் முறைப்படிதான் பேசுவார் போல. பிறகு, "நான்தான். பயப்படாத. சாவிய வைக்காத," என்றது.

"என்னங்க? உள்ளயா இருக்கீங்க?"

"நான் வீட்ல இல்ல," என்றது வீட்டுக்குள்ளிருந்து அத்தானின் குரல்.

அக்கா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாளாம். பிறகுதான் குரல் டப்பாவிலிருந்து வருகிறது என்று கவனித்தாள். "இருடி," என்று என்னிடம் சொல்லிப் போனை மேசைமேல் வைத்தாள், அணைக்கவில்லை. நானும் அணைக்கவில்லை.

"நீ ஒண்ணுமில்லன்னு வந்து சொன்ன அன்னிக்கு," என்றார் அத்தான், "பதினோரு லாரிக்குத் தப்பா எடை எழுதியிருந்தேன். மொதலாளி கூப்பிட்டுத் திட்டினார். காலைலேர்ந்து கை நடுங்கிட்டே இருந்தது. நீ சொன்னப்பவும் நிக்கல. பேப்பர எதுக்குப் புரட்டினேன், கைய மறைக்கத்தான். அத உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஓவர்."

பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. அந்தச் செட் விழித்துக்கொள்ள அது போதாது. பாலத்தில் நிற்கிறவருக்கு அவள் கிளம்பிப் போய்விட்டாளா, கோபத்தில் நிற்கிறாளா, தன் பேச்சுப் போய்ச் சேரவே இல்லையா என்று தெரியாது. அவள் அங்கேதான் நிற்கிறாள் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவருடைய நம்பர் என்னிடம் இருந்தது. ஆஸ்பத்திரி போனும் பக்கத்தில் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

"கேக்குதா?" என்றார் அத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கேக்குதா?"

"கேக்குது," என்றாள் அக்கா. அவருக்கு "க்குது" மட்டும்தான் விழுந்ததாம். அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

பதினைந்து நாளில் அக்கா, பின்னால் என் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மிஷினையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் தூக்கிவிட அத்தான் நாலு நாள், நாலு நடை வந்தார். அப்போதுதான் இதையெல்லாம் சொன்னார், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். போனில் நான் சொன்னதையும் அக்கா அவரிடம் சொல்லியிருப்பாள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் மட்டும் பழைய அத்தான்.

இப்போதும் அக்காவுக்குத் தினம் போன் போடுகிறேன். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் காதை அறுப்பாள். இப்போது இரண்டு நிமிஷத்தில், "அப்புறம் கூப்பிடறேன்டி, அவர் ஏதோ சொல்லிட்டிருக்கார்," என்று வைத்துவிடுகிறாள்.