மிச்சமான காத்தாடி

1. மூக்கு மொட்டை

ஐம்பதுகளின் தொடக்கம். நம் விமானப்படைக்கு ஜெட் வந்து சேர்ந்த புதிது. அதுவரை புரொப்பெல்லர் எஞ்சினில் கை கறுத்த எங்களைப் பிடித்து ஜெட் ட்ரெயினிங் கொடுத்தார்கள். அது முடிந்து கிடைத்த முதல் வேலை என் சொந்த ஊரிலேயே வந்து இறங்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பறந்துகொண்டிருந்த ஒரு ஜெட்டில் எரிபொருள் பைப் கசிந்தது. பைலட் கெட்டிக்காரர். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யுத்தகாலத்தில் போட்ட பழைய செம்மண் ரன்வேயில் பத்திரமாக இறக்கிவிட்டார். மறுநாள் புதுப் பைப்போடு நானும் சார்ஜென்ட்டும் லாரியில் போனோம். போய்ப் பார்த்தால், பக்கத்துக் கடலைக் காடு முழுக்க ஆட்கள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

என் அப்பா ஓடிவந்தார்.

"ஏங் கண்ணு, ஏரோப்ளான் மூக்குல இருக்கற காத்தாடிய ஒழுங்கா முடுக்காம உட்டுட்டயா? எங்கயோ உழுந்துபோச்சாமா. விடிஞ்சதுலருந்து ஊரே தேடுது!"

"அப்பா, இதுக்குக் காத்தாடியே இல்லீங்க!"

"அதைத்தான நானுஞ் சொல்றேன், இல்லாமப் போச்சே!"

சார்ஜென்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரியில் சாய்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டத்தில் ஆறுச்சாமி மாமாவும் நின்றிருந்தார். அவர் மகள் வள்ளியம்மாளை எனக்குப் பெண் கேட்டு, பதில் வராமல் இருந்த நேரம் அது. காத்தாடியைத் தொலைத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

மாமா என் கையைப் பிடித்துத் தன் மாட்டு வண்டியிடம் கூட்டிப்போனார். வைக்கோலை விலக்கினார். உள்ளே ஆளுயரத்துக்கு ஒரு மரப் புரொப்பெல்லர்!

"யுத்தத்துல உழுந்த ஏரோப்ளான்துங்க தம்பி. மாட்டுச் சாளைல சொருவி வெச்சிருந்தேன். சத்தமில்லாம இத மாட்டிக்குங்க. உங்களுக்குக் கெட்ட பேரு வேண்டாம்."

தம்பி என்றுதான் கூப்பிட்டார். மறந்தும் மாப்பிள்ளை என்று சொல்லிவிடாத ஜாக்கிரதைக்காரர். ஆனாலும் என் மானத்தைக் காப்பாற்ற வண்டி கட்டிக்கொண்டு வந்த மனுஷர்.

2. சீமெண்ணெய்

கசிந்த பைப்பைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். லாரியில் கொண்டுவந்த எரிபொருள் ட்ரம்மைத் திறந்ததும் கூட்டம் மூக்கை உறிஞ்சியது.

"ஏனுங்க, சீமெண்ணெய் வாசமில்ல அடிக்குது! வெளக்குக்கு ஊத்தறத ஊத்தி ஆகாசத்துல போறதா?" என்றார் மாமா.

"ஆமாங் மாமா. முன்னால காத்த இழுத்து, உள்ள சீமெண்ணெய எரிச்சு, பின்னால பீச்சியடிக்கும். அந்த வேகத்துல போயிரும்."

அவர் விமானத்தின் பின்பக்கம் போய் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

சார்ஜென்ட் வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். "நல்லாப் பாருய்யா! ஒரு நட்டு மிச்சமிருந்தாலும் பிளேன் கிளம்பக் கூடாது!"

"ஒண்ணும் மிச்சமில்ல சார்!"

பைலட் ஏறி உட்கார்ந்ததும், எஞ்சினைக் கிளப்பப் பேட்டரி ட்ராலியை இணைத்தோம். முதலில் மெல்லிய விசில், அப்புறம் பேய்ச் சத்தம். வண்டி மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. செம்புழுதியில் ஊரே மறைந்தது. புழுதி அடங்கியபோது விமானம் பனைமரங்களுக்கு மேலே சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா தலைத்துண்டை அவிழ்த்து வானத்தில் வீசினார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. யூனிஃபார்மில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மாமா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். பிறகு வண்டிக்குள் கிடந்த புரொப்பெல்லரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எல்லாஞ் செரீங் மாப்ள. ஆனா ஒரு சாமான் மிச்சமாப் போச்சுங்களே!"

மாப்ள! அந்த ஒரு வார்த்தையில் நானும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

தை மாதம் கல்யாணம். பந்தல் வாசலில் மாவிலைத் தோரணத்தோடு அந்தப் புரொப்பெல்லரையும் கட்டியிருந்தார் மாமா.

புது மெஷினைத் தொடும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். அதில் என்ன இருக்கிறது என்று அளந்து விடுவதற்கு முன்னால், என்ன இல்லை என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊர் தேடக் கிளம்பிவிடும்.

இன்றைக்கும் என் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்றால், வள்ளியம்மாள் அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"கடலக் காட்டுல பாத்தீங்களா?"