அங்கவடி இல்லாத குதிரை

ஓய்வூதிய அலுவலாகச் சென்னைக்கு வந்து அலைந்து சோர்ந்த நான், குதிரைமேல் அமர்ந்த அந்த வெள்ளைக்காரத் தளபதியின் வெண்கலச் சிலையருகே இன்றுதான் முதன்முறையாக நின்றேன். அவருடைய குதிரைக்குச் சேணமில்லை. கால் வைக்க அங்கவடியுமில்லை.

சிவகாசி அச்சகமொன்றில் ஓவியராயிருந்த என் தந்தை, இச்சிலையை நேரில் பார்த்துவந்து, தீப்பெட்டி லேபிளுக்காக வரைந்தார். அச்சுமை நெடியடித்த அறையில், நான் பார்த்திருக்க, முதலாளி உரக்கச் சிரித்தார்.

"ஏய்யா, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தளபதி ஊஞ்சலா ஆடுறாரு?"

"சிலை அப்படித்தான் இருக்கு மொதலாளி."

எல்லோரும் சிரித்தனர். வீடு திரும்பும் வழியில் தந்தை, "நீயாவது நம்புறியாலே?" என்று கேட்டார்.

வகுப்பில் முதல் மாணவனான நான், "பொய் சொல்லாதீகப்பா, மானம் போகுது" என்றேன்.

மறுநாள் அவர் அங்கவடியை வரைந்து சேர்த்தார். முதலாளிக்குப் பயந்து வரைந்தார் என்றே இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். நான் நம்பியிருந்தால் அவர் வரைந்திருக்கமாட்டார்.