காத்தாயியின் சட்டை

கரும்பில் சோகை, அதாவது காய்ந்த தோகை, உரிக்கப் போகிற பெண்கள் நாங்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வோம். போடாவிட்டால் சோகை கையை அறுத்துவிடும். திருமானூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களுக்கு மட்டும் அன்றைக்கு மறந்துபோயிற்று, பாவம்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆவணி மாதம். மேஸ்திரி சின்னதுரை கரும்புக் கொல்லைக்குள் வைத்து, எங்களோடு சோகை உரிக்க வரும் காத்தாயியைக் கெடுத்துவிட்டான். சட்டை கிழிந்து, உதடு வீங்கி, அவள் வரப்பில் வந்து விழுந்ததை நான் பார்த்தேன். பின்னாலேயே அவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்ததையும் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

"பாத்ததப் பஞ்சாயத்துல சொல்லு மலரு, அது போதும்" என்றாள். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நாட்டாண்மை பெரியசாமி எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ஏம்மா, நீ போட்டிருந்தது யாரு சட்டை?"

"செத்துப்போன எம் புருஷன் சட்டைங்க."

"அவன் போயி நாலு வருஷமாச்சு. சட்டை மட்டும் இன்னும் இருக்குதா?"

கூட்டம் சிரித்தது.

"ஆம்பள சட்டைய மாட்டிக்கிட்டு நின்னா, பாக்குறவனுக்கு என்ன தோணும்? ஒன்னையத் தப்புன்னு சொல்லல தாயி. ஒன் நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

தாயி என்று வேறு கூப்பிட்டான், படுபாவி. சின்னதுரையை ஒரு கேள்வி கேட்க அங்கே நாதியில்லை. விசாரணையெல்லாம் அந்தச் சட்டையைப் பற்றித்தான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே பெரியசாமி கேட்டார்: "நீயும் சட்டை போடுறவதானே மலர்கொடி? அது யாரோடது?"

கூட்டம் திரும்பி என் புருஷனைப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றேன்.

வீண்பழி போட்டாள் என்று தீர்ப்பாயிற்று. சின்னதுரை காலில் அவளை விழவைத்தார்கள். விழுந்து எழுந்தவள் என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் வேலைக்குப் போன பதினாலு பெண்களில் ஒருத்தி உடம்பிலும் சட்டை இல்லை. காத்தாயி மட்டும் கிழிசலைத் தைத்து, அதையே போட்டுக்கொண்டு வந்தாள். வேறு பிழைப்பு ஏது அவளுக்கு? என் பக்கத்து வரிசையில் நின்று உரித்தாள். மத்தியானம் என் கையில் ரத்தம் வழிவதைப் பார்த்தாள்.

"சட்டை எங்கடி?"

"வூட்டுல இருக்குது" என்றேன்.

எண்பத்தாறில் சாகும்வரை அவள் அந்தச் சட்டையோடுதான் கொல்லைக்கு வந்தாள். அன்றைக்கு அந்த ஒரு கேள்வி கேட்டதோடு சரி, அந்த ஏழு வருஷமும் என்னோடு வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.